கடலோரத்துக்கு ஏற்ற ஏர் ரைஃபிள்: குறைந்த விலையில் பார்த்து வாங்குவது எப்படி

பிஸ்டல் தோட்டா போடும் 9 மி.மீ. கார்பைன் (குட்டை ரைஃபிள்) வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி மலிவா ஒண்ணு நம்ம பக்கம் கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் அதிகம். கிடைக்காது. அமெரிக்காவில் அது கடைச் சரக்கு. இங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் 9 மி.மீ. சர்வீஸ் தோட்டா ஏறும் துப்பாக்கியைத் தடைசெய்யப்பட்ட ரகத்தில் வைத்திருக்கின்றன. சாதாரண லைசென்ஸில் அது வராது. அந்த ஆசைக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில், லைசென்ஸ் இல்லாமலே வாங்கக்கூடியதும் வாரத்தில் நாலு நாள் சுட்டுப் பழகக்கூடியதும் ஒன்று உண்டு. அது .177 ஏர் ரைஃபிள் (.177 என்பது அங்குலத்தில் குழலின் அளவு). இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் 10 மீட்டரில் சுட்டது இதே 4.5 மி.மீ. அளவுதான். விளையாட்டு என்று பார்த்தால் இதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஆனால் தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரை இந்த ராமநாதபுரம் மாவட்டக் கரையில் இருப்பவர் வாங்கும் ஏர் ரைஃபிளும், கோயம்புத்தூர்க்காரர் வாங்குவதும் ஒன்றாக இருக்க முடியாது. இங்கே துப்பாக்கியைக் கெடுப்பது சுடுவது அல்ல, சும்மா வைத்திருப்பது. உப்புக் காற்றுக்குத் தாங்குவதும், பழுதானால் எளிதாகக் கழற்றிப் பார்க்கக்கூடியதும் எதுவோ அதுதான் இந்தப் பக்கத்துக்கு மலிவான துப்பாக்கி. பெட்டியில் ஒட்டியிருக்கும் விலையை அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

சட்டத்தின் கோடு எங்கே இருக்கிறது

இரண்டு எண்ணை நினைவில் வைத்தால் போதும்: 4.5 மி.மீ., 20 ஜூல். பேரல் (குழல்) அளவு .177ஐத் தாண்டினாலோ, பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) வெளியே வரும்போது அதன் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். .22 ஏர் ரைஃபிள் "கொஞ்சம் பவர் ஜாஸ்தி" என்று யாராவது கையில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ஆற்றலை நீங்களே கணக்குப் போடலாம். பெல்லட்டின் எடையைக் கிலோவில் வைத்து, விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தால் இரண்டு தடவை பெருக்கி, பாதியாக்குங்கள். 0.54 கிராம் பெல்லட் விநாடிக்கு 240 மீட்டரில் போனால் சுமார் 15.5 ஜூல். அதே பெல்லட் 270 மீட்டரில் 19.7 ஜூல், 275இல் 20.4 ஜூல். அதாவது சாதாரண ஈய பெல்லட்டுக்கு 270 மீட்டர், அடிக் கணக்கில் 885, எல்லைக்கோடு. "1000 அடி வேகம்", "1200 அடி வேகம்" என்று விளம்பரம் செய்வதில் இரண்டில் ஒன்று நிச்சயம். எடை குறைந்த அலாய் பெல்லட்டைப் போட்டு எடுத்த எண்ணாக இருக்கும், இல்லையென்றால் சட்டத்தின் கோட்டைத் தாண்டியதாக இருக்கும். அந்த வேகத்தால் சுடுபவருக்கும் லாபம் இல்லை. பெல்லட் ஒலியின் வேகத்தை நெருங்கினால் தள்ளாட ஆரம்பித்து, ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று விழும். ஒலிம்பிக்கில் சுடும் லட்ச ரூபாய் ரைஃபிள்களே விநாடிக்கு 170 மீட்டர் சுமாரில், ஏழெட்டு ஜூலில்தான் சுடுகின்றன.

கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள், கொடுங்கள். பில்லில் மாடல், சீரியல் நம்பர், 4.5 மி.மீ. என்ற அளவு மூன்றும் இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் ஆற்றல் விவரம் அச்சிட்ட தாளையும் கேட்டு வாங்கி, இரண்டையும் நகல் எடுத்துத் துப்பாக்கிப் பையிலேயே வையுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, ராமேஸ்வரம் வழியெங்கும் சோதனைச் சாவடி என்று இருக்கும் இடம் இது. பையைத் திறக்கச் சொன்னால் பில்தான் முதலில் கைக்கு வர வேண்டும். வெறும் கையில் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் போகிற வேலையே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கொக்கு, புறா, மயில், முயல் எதன் மீதும் இதை நீட்டக்கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சுட முயல்வதே வேட்டைக் கணக்கில்தான் வரும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என்று மாவட்டம் முழுக்கப் பறவைகள் சரணாலயம். கண்மாய்க் கரையில் ஏர் கன்னோடு நிற்பவரைப் பார்த்தால் வனத்துறை காரணம் கேட்டுக்கொண்டு நிற்காது. இது அட்டையில் சுடுவதற்கான சாமான், அவ்வளவுதான்.

எந்த ரகம்

காற்றை அழுத்தும் விதத்தை வைத்து நாலைந்து ரகம் உண்டு. இந்தக் கரைக்கு எது ஆகும், எது ஆகாது என்று மட்டும் பார்ப்போம்.

பேரலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் ரகம்தான் பழைய, எளிய வழி. திருவிழாவிலும் சந்தனக்கூட்டிலும் பலூன் சுடும் கடையில் இருப்பதும் இதுவே. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், பிஸ்டன் தலையில் ஒரு வாஷர், பேரல் வாயில் ஒரு வாஷர். பழுது என்றால் இந்த நாலில் ஒன்று. மூன்று வருஷம் கழித்து ஸ்பிரிங் தளர்ந்தால் அதே அளவு ஸ்பிரிங் வரவழைத்துப் போடலாம். முதல் முறை வாங்குபவருக்கு இதைத்தான் சொல்வோம்.

ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு இருக்கும் ரகத்தை நைட்ரோ, கேஸ் ராம் என்பார்கள். உள்ளே துருப்பிடிக்க ஸ்பிரிங் இல்லை என்பது நமக்கு நல்லது. ஆனால் வாயு கசிந்துவிட்டால் ஊரில் சரிசெய்ய வழியில்லை, முழு உருளையையும் மாற்ற வேண்டும். உதிரி பாகம் இந்தியாவிலேயே கிடைக்கும் மாடல் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

பிசிபி ரகத்தில் சிலிண்டரில் 200 பார் அளவுக்குக் காற்றை அடைத்து வைத்துச் சுடலாம். உதைக்காது, குறி துல்லியம். ஆனால் காற்றை அடைக்கப் பம்ப் வேண்டும், பம்பு இழுப்பது நம் ஊர்க் காற்றை. ஈரம் நிறைந்த காற்றை அந்த அளவுக்கு அழுத்தும்போது தண்ணீர் பிரிந்து சிலிண்டருக்குள்ளேயே தங்கும். உள்பக்கம் துருப்பிடித்த அழுத்தச் சிலிண்டர் விளையாட்டுச் சாமான் இல்லை. பம்ப் வாயில் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி போட்டு, அதன் மணிகளை அடிக்கடி மாற்றி, சிலிண்டரைக் குறித்த காலத்தில் சோதிக்கக் கொடுக்க முடிந்தவர் மட்டும் வாங்கலாம். போட்டிக்கான வெளிநாட்டு பிசிபி என்றால் விலை லட்சத்துக்கு மேல். சின்ன கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் ரகம் வாங்கும்போது மலிவு, சுடும்போது செலவு. குப்பிக்காகவே மாதாமாதம் பணம் போகும். வெயிலில் அழுத்தம் ஏறி வேகமும் மாறும். அதை விட்டுவிடலாம்.

ஆக, மடக்கு ரகம், .177, ஆற்றல் 10 முதல் 15 ஜூலுக்குள். சட்டம் 20 வரை விடுகிறதே என்று 19.5 ஜூல் துப்பாக்கியைத் தேடாதீர்கள். ஆற்றல் கூடினால் ஸ்பிரிங் கெட்டியாகும், மடக்கக் கை வலிக்கும், உதை கூடும், முப்பது குண்டு சுடுவதற்குள் குறி தளரும். பழகுவதற்கு எது இதமோ அதுதான் துல்லியமாகவும் இருக்கும்.

உள்நாட்டுத் தயாரிப்பில் பழைய பெயர் நேஷனல் 25, நேஷனல் 35. மகாராஷ்டிராவில் தயாராகும் ப்ரெசிஹோல் வந்தபிறகு பேரலின் தரம் ஒரு படி ஏறியிருக்கிறது. எந்தக் கம்பெனி என்பதைவிட, அந்த மாடலுக்கு ஸ்பிரிங், பிஸ்டன் வாஷர், பேரல் வாஷர் மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்கும் என்றால் துப்பாக்கியோடு சேர்த்தே இரண்டு பேரல் வாஷர், ஒரு பிஸ்டன் வாஷர் வாங்கிவிடுங்கள். பட்ஜெட்டைப் பிரிக்கும்போது மொத்தத் தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துப்பாக்கிக்குப் போடாதீர்கள். மீதியில் பெல்லட், பெல்லட் பெட்டி, எண்ணெய், சிலிக்கா ஜெல் எல்லாம் வர வேண்டும். கையில் இருந்த காசையெல்லாம் துப்பாக்கியில் போட்டுவிட்டு, ஒரே ஒரு டப்பா மலிவு பெல்லட்டோடு வீட்டுக்கு வருபவருக்கு ஒரு மாதத்தில் சலித்துவிடும்.

துப்பாக்கியின் கட்டை, அதாவது பிடித்துத் தோளில் ஊன்றும் பாகம், மரமா பிளாஸ்டிக்கா என்றால், அழகுக்கு மரம், இந்தக் கரைக்குப் பிளாஸ்டிக். வாடைக் காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பும், கோடையில் சுருங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் கட்டைத் திருகு தளர்ந்து, குறி தானாக மாறும். மரக்கட்டைதான் வேண்டும் என்றால், கட்டையைக் கழற்றி உள்பக்கப் பள்ளத்துக்கும் திருகு ஓட்டைக்கும் வார்னிஷ் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் கட்டைகள் பலவற்றில் உள்ளே பச்சை மரம் அப்படியே இருக்கும்.

கடையில் கையில் எடுத்ததும்

காட்சிக்கு வைத்த துப்பாக்கியை வாங்காதீர்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் மடக்கி, பெல்லட் இல்லாமல் "டக்" என்று விட்டுப் பார்த்திருப்பார்கள். ஸ்பிரிங் ரகத்தில் பெல்லட் இருந்தால்தான் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தை உருவாகும். வெறுமனே சுட்டால் பிஸ்டன் போய் உருளையின் முகப்பில் மோதும். வாஷர் நசுங்கும், ஸ்பிரிங் முறுக்கும். பெட்டி பிரிக்காததைக் கேளுங்கள்.

பிரித்ததும் கட்டையை ஒரு கையிலும் பேரலை ஒரு கையிலும் பிடித்து இடவலமாக அசையுங்கள். மூட்டில் இம்மி ஆட்டம் இருந்தாலும் அது வேண்டாம். மூட்டில் வெறும் பின் அடித்திருக்கிறதா, திருகு போட்ட போல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். போல்ட் என்றால் பின்னாளில் ஆட்டம் வந்தாலும் இறுக்கிக்கொள்ளலாம். பின் என்றால் வந்த ஆட்டம் வந்ததுதான்.

அடுத்தது பேரல் முனை. பஞ்சு சுற்றிய காதுக்குச்சியை முனைக்குள் லேசாக விட்டு, விளிம்பைச் சுற்றித் தடவி எடுங்கள். பஞ்சு நூல் எங்காவது மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. பெல்லட்டைக் கடைசியாகத் தொடும் இடம் அதுதான். அங்கே பிசிறு இருந்தால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. பாதி மடக்கிய பேரலைப் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தால் உள்வரிகள் முறுக்கிக்கொண்டு ஓடுவது தெரிய வேண்டும். வரியே இல்லாத வழவழப் பேரல் பலூனுக்குப் போதும், அட்டைக்குப் போதாது.

மடக்கும் பலத்தைக் குளியலறை எடை மெஷினில் அளக்கலாம். துப்பாக்கியை நிறுத்தி, முனையை மெஷினில் ஒரு துணி போட்டு ஊன்றி, கட்டையை மெதுவாக அழுத்துங்கள். "கிளிக்" விழும் வரை மெஷின் காட்டும் அதிக எண் பதினைந்து கிலோவுக்குள் இருந்தால் பெரியவர்களுக்குச் சுகம். பள்ளிப் பையனுக்கு என்றால் இன்னும் குறைவாக வேண்டும். ஏற்றிய ஸ்பிரிங்கைச் சும்மா விடாமல், கடையிலேயே பெல்லட் போட்டு அவர்கள் பெட்டியில் சுட்டு இறக்கச் சொல்லுங்கள். அப்படிச் சுடும்போது இன்னொன்றையும் பார்த்துவிடலாம். பேரல் மூடும் இடுக்கின் மேல் டிஷ்யூ பேப்பர்த் துண்டு ஒன்றை வைத்துச் சுடச் சொல்லுங்கள். துண்டு எகிறிப் பறந்தால் பேரல் வாஷர் வழியாகக் காற்று கசிகிறது.

விசை (ட்ரிக்கர்) இரண்டு கட்டமாக இருப்பது நல்லது. முதலில் லேசாக நகர்ந்து ஒரு சுவரில் முட்டியது போல் நிற்க வேண்டும், அதற்குப்பின் சின்ன அழுத்தத்தில் விட வேண்டும். இழுக்க இழுக்கக் கரகரவென்று வந்துகொண்டே இருந்தால் எப்போது வெடிக்கும் என்று விரலுக்குத் தெரியாது. நீளம் பார்க்க, பின்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து முன்கையைக் கட்டையோடு நீட்டுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் படிந்தால் உங்கள் அளவு. குட்டையான ஆளுக்கு நீளக் கட்டை கொடுத்தால் உடம்பைப் பின்னால் வளைத்துத்தான் சுடுவார், இடுப்பு போகும்.

ஸ்கோப்பை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் நின்றதும் முன்னால் இழுக்கும். இந்த இரட்டை உதைக்கென்று செய்யாத ஸ்கோப்பின் உள்கண்ணாடி சில நூறு குண்டில் கழன்றுவிடும். தவிர, மலிவு ஸ்கோப்பில் ஈரம் புகுந்து உள்ளே பனி படியும். திறந்த குறியே போதும். பச்சை சிவப்பாக ஒளிரும் இழைக் குறியைவிட, சதுர முனைக் கறுப்புக் குறி அட்டைக்கு நல்லது. மேலே 11 மி.மீ. பள்ளத் தடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பின்னாளில் துளைக்குறி (சின்னத் துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்) போட வேண்டி வந்தால் அதில்தான் மாட்ட வேண்டும். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால், திறந்த குறிக்கும் துளைக்குறிக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு என்பதால், மதுரை ரைஃபிள் கிளப் மாதிரி ஓர் இடத்தில் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

பழையது வாங்குகிறீர்கள் என்றால் கூடுதலாக ஒரு வேலை. பேரலுக்குள் வெள்ளைத் துணியை இழுத்துப் பாருங்கள். கறுப்பாக வந்தால் ஈயம், பரவாயில்லை. செங்கல் நிறத்தில் வந்தால் துரு. டார்ச் அடித்து உள்ளே புள்ளிப்பள்ளம் தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். பழைய மாடல்களில் பிஸ்டன் வாஷர் தோலாக இருக்கும். காய்ந்து சுருங்கியிருந்தால் சத்தம் பெரிதாகவும் பெல்லட் மெதுவாகவும் போகும். அது சின்னச் செலவுதான்.

பெல்லட்

அட்டையில் சுடத் தட்டை மூக்குப் பெல்லட். பேப்பரில் வட்டமாக வெட்டிய துளை விழும், புள்ளி எண்ண எளிது. எடை 0.50 முதல் 0.54 கிராம். ஒரே ரகத்தில் ஐந்து டப்பா வாங்காமல் மூன்று நாலு ரகத்தில் ஒவ்வொரு டப்பா வாங்குங்கள். ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு பெல்லட் பிடிக்கும். எது பிடிக்கும் என்று கம்பெனியாலும் சொல்ல முடியாது. புதுத் துப்பாக்கியில் முதல் இருநூறு குண்டு வரை உள்ளிருக்கும் எண்ணெய் எரிந்து புகை வரும், வேகம் ஏறி இறங்கும், அதுவரை எதையும் முடிவு செய்யாதீர்கள். பிறகு 10 மீட்டரில், முன்கட்டையை மணல் பையில் ஊன்றிய கையின் உள்ளங்கையில் வைத்து, இறுக்கிப் பிடிக்காமல், ரகத்துக்கு ஐந்து ஐந்தாக மூன்று அட்டை சுடுங்கள். பேரலை மணல் பையில் நேராக வைத்தால் உதையில் துள்ளிக் குறி மேலே போகும். ஐந்து துளையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள், அதாவது 27 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். நல்ல பெல்லட் கிடைத்தால் அதில் பாதிக்குள் வரும். எதிலுமே அடங்காவிட்டால் கட்டைத் திருகைப் பாருங்கள், பத்தில் ஐந்து தடவை அதுதான் தளர்ந்திருக்கும்.

இரும்பு உருண்டை போடவே போடாதீர்கள். பேரலின் வரியையும் தேய்க்கும், திரும்பி வந்து கண்ணையும் எடுக்கும்.

எங்கே சுடுவது, எதில் சுடுவது

சர்வதேச 10 மீட்டர் அட்டையில் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ., பத்தாம் புள்ளி வெறும் 0.5 மி.மீ. அட்டையின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். பின்னால் பெல்லட்டை வாங்க ஒரு பெட்டி: 30 செ.மீ. சதுரம், 15 செ.மீ. ஆழம், பின்பலகையாக 3 மி.மீ. இரும்புத் தகடு, அதன் முன்னால் கெட்டியாகத் திணித்த பழைய வேட்டி, சேலைத் துணி. ஆயிரம் குண்டுக்கு ஒருமுறை துணியை மாற்றுங்கள். பெட்டிக்குப் பின்னால் சுவரோ, இரண்டு அடுக்கு மணல் மூட்டையோ இருக்க வேண்டும். வேலி, ஓலைத் தடுப்பு, சீமைக்கருவேலம் புதர் எதுவும் தடுப்பு ஆகாது. பனைமரத்திலும் தகர டின்னிலும் சுடாதீர்கள். முற்றிய பனையில் பட்ட பெல்லட் சுட்டவர் பக்கமே திரும்பும். பக்கத்தில் நிற்பவர் உட்பட எல்லோரும் கண்ணாடி போட வேண்டும்.

பெட்டியில் சேரும் ஈயத்தை வலைக்கு ஈயக்குண்டு உருக்குபவர்கள் வாங்கிக்கொள்வார்கள். வீட்டு அடுப்பில் நீங்கள் உருக்க வேண்டாம், புகை நஞ்சு. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ.

கச்சான் (மேற்கிலிருந்து வரும்) காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். மணிக்கு 18 கி.மீ. குறுக்குக் காற்றே 10 மீட்டரில் பெல்லட்டை ஐந்தாறு மி.மீ.க்குமேல் தள்ளும். வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ.தான், ஆக இரண்டு மூன்று புள்ளி போய்விடும். காற்றில் சுட்டுவிட்டுக் குறியைத் திருப்பினால் மறுநாள் காற்றில்லாதபோது எதிர்ப்பக்கம் போகும். மணல் பறக்கும் இடத்தில் பேரல் மூட்டுக்குள் மணல் புகுந்து அரைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மடக்கிய பேரலில் பெல்லட் வைக்கும்போது இன்னொரு கையால் பேரலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். கொக்கி நழுவினால் பேரல் மேலே அடித்து மூடும். விரல் துண்டாகும் விபத்து இப்படித்தான் நடக்கிறது. பேரலை மடக்கிப் போட்டுவிட்டுப் போன் பேசப் போவதும் கூடாது, ஏற்றிய நிலையில் ஸ்பிரிங் தளரும்.

துரு

இந்தப் பகுதிக்காகத்தான் மற்றது எல்லாம். சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானாக ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோர இரவுகளில் அந்த அளவு சர்வசாதாரணம். காற்றில் வந்து இரும்பில் படிந்த உப்புத்தூள் ராத்திரி உப்புத்தண்ணீராக மாறுகிறது, பகலில் காய்கிறது, மறுபடி நனைகிறது. கையின் வியர்வையும் அதே உப்புதான். கறுப்புப் பூச்சு வெறும் அழகு, அது தடுப்பு அல்ல.

எல்லோரும் செய்யும் தவறு, உப்பின் மேலேயே எண்ணெய் தடவுவது. எண்ணெய் உப்பைக் கரைக்காது. அடியில் உப்பு இருந்தபடி துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதனால் கடற்கரையில் சுட்டுவிட்டு வந்தால் முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரும்புப் பாகம் முழுவதையும் துடையுங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம், நம் பக்கம் அதுவே உப்பு. கேன் தண்ணீர் ஒரு டம்ளர் போதும். பிறகு காய்ந்த துணி, பத்து நிமிஷம் மின்விசிறிக் காற்று, அதற்குப் பிறகு எண்ணெய். தனித் துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் மூன்று சொட்டைத் துணியில் விட்டுத் தடவினால் வெளிப்புறத்துக்குப் போதுமானது. தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். மண்ணெண்ணெய் இருக்கிற எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிடும். நீண்ட நாள் எடுக்கப் போவதில்லை என்றால் அரைப்பொடி கலக்காத கார் மெழுகை மெல்லியதாகத் தேய்த்து வைப்பது எண்ணெயைவிட நல்லது. திருகுத் தலை, குறியின் அடிப்பக்கம், மடக்குக் கம்பி ஓடும் பள்ளம் இந்த மூன்று இடத்தில்தான் துரு முதலில் எட்டிப்பார்க்கும். கட்டைத் திருகுகளை மட்டும் பாம்பன், மண்டபம் பக்கம் படகுச் சாமான் கடையில் மாதிரி காட்டி 316 ஸ்டெயின்லெஸ்ஸில் மாற்றிக்கொள்ளலாம். பேரல் மூட்டு போல்ட்டை மாற்றாதீர்கள், அதன் கடினம் வேறு.

பேரலுக்குள் சுத்தம் செய்யக் கம்பி வேண்டாம். ஒன்றரை மீட்டர் தங்கூசியை (நைலான் தூண்டில் நரம்பை) இரண்டாக மடித்து, இரு நுனியையும் பேரலின் பின்வாய் வழியாக விட்டு முன்னால் எடுங்கள். பின்னால் நிற்கும் வளையத்தில் இரண்டு செ.மீ. சதுரப் பருத்தித் துணியை மாட்டி முன்பக்கமாக இழுங்கள். முதல் துணி உலர்ந்தது, இரண்டாவதில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய், மூன்றாவது மீண்டும் உலர்ந்தது. சாதாரண நாளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழையில் மூன்று நாளுக்கு ஒருமுறை. சுடுவதற்கு முன்னால் ஓர் உலர்ந்த துணியை இழுத்துவிட்டுச் சுடுங்கள். பேரலிலோ பிஸ்டனுக்கு முன்னாலோ எண்ணெய் தங்கினால், காற்று அழுத்தத்தின் சூட்டில் அது டீசல் என்ஜின் போலப் பற்றி "படார்" என்று வெடிக்கும். வாஷர் கருகும், ஸ்பிரிங் உடையும். காற்று வரும் துளைக்குள் ஸ்பிரே எண்ணெய் அடிப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். தோல் வாஷர் உள்ள பழைய மாடலுக்கு மட்டும் எப்போதாவது ஒரு சொட்டு, அதுவும் போட்டபின் ஓர் இரவு விட்டு.

வாங்கும்போது வரும் பஞ்சு வைத்த பை எடுத்துப் போக மட்டும். அதிலேயே விட்டுவைத்தால் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலத்தில் முழுப் பேரலையும் சிவப்பாக்கும். கடல் பார்த்த சுவரை ஒட்டாத பீரோவில், முனை கீழே பார்த்தபடி நிறுத்திப் பூட்டி வையுங்கள். பெல்லட் வேறு இடத்தில் இருக்கட்டும். பீரோவுக்குள் கால் கிலோ சிலிக்கா ஜெல், நிறம் மாறும் வகை. நீலம் இளஞ்சிவப்பாகவோ, ஆரஞ்சு பச்சையாகவோ மாறியதும் சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து, பழைய நிறம் வந்ததும் மூடிய டப்பாவில் ஆறவிட்டுத் திரும்ப வையுங்கள். தீ அதிகமானால் மணி கருகி வீணாகும். வறுக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.